எட்டில் ஐந்து போனால்

திண்டிவனத்தில் காயத்ரி வேலை பார்த்த கல்லூரியின் மொட்டைமாடியில் சின்னதாக ஒரு ரேடியோ தொலைநோக்கி இருந்தது. செத்துப்போன ராக்கெட்டுகளின் துண்டுகள் நம் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கின்றன அல்லவா, அவற்றில் பட்டுத் திரும்பும் வானொலி அலையைக் கேட்பதுதான் அவள் வேலை. காதில் கீச்சென்று ஒலித்ததும் ஆய்வகக் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதுவாள். முன்பு எழுதிய நேரங்களை வைத்துப் போட்ட கணக்குக்குத் துண்டு முந்திக்கொண்டு வந்தால் அது கீழே இறங்குகிறது என்று அர்த்தம்.

2012 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை மாலை, லாரி அளவு துண்டொன்று எட்டு நிமிடம் முன்னால் வந்தது. அதன் பாதை மரக்காணத்துக் கடலுக்கு மேலே போகிறது. அவள் அண்ணன் வெற்றிவேல் மீன் பிடிப்பது அந்தக் கடலில்தான். உடனே போன் செய்தாள்.

"அண்ணே, நாளைக்குக் கடலுக்குப் போவாத. மேலேர்ந்து ஒண்ணு விழுறாப்புல கீது."

"இன்னாடி பேஜாரு இது. இப்பதான் மீன்பாடு நல்லாக்கீது" என்று முனகினான். "சரி, படிச்சவ நீ சொல்ற. போவல."

அறையைப் பூட்ட வந்த பியூன் கண்ணையன், அவள் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்து விசாரித்தார். சொன்னாள்.

"அந்தக் கடிகாரத்தப் பாத்தா எழுதின? பசங்க ஜல்தியா வரணும்னு அஞ்சு நிமிஷம் கூட்டித்தானம்மா வச்சிருப்போம். பரீட்சை வந்தா சரியான நேரம் வேணும். இன்னிக்குக் காலையிலதான் குறைச்சு வச்சேன்."

காயத்ரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பழைய நேரங்கள்தான் ஐந்து நிமிடம் கூட, துண்டு முந்தவில்லை. இத்தனை படித்தும் ஒரு சுவர்க்கடிகாரத்திடம் ஏமாந்தோமே என்று வாய்விட்டுச் சிரித்தாள். மறுபடி அண்ணனைக் கூப்பிட்டாள்.

"என் தப்புதாண்ணே, ஒண்ணும் விழல. நீ போய்க்கினு வா."

செவ்வாய் விடியலில் அவன் போய்விட்டான். அன்று மாலை நான்கு மணிக்குத் துண்டு வரவேண்டும். மூன்றுக்கே காயத்ரி கேட்க உட்கார்ந்தாள். நான்கு ஆயிற்று, நாலரை ஆயிற்று. காதில் வெறும் இரைச்சல்தான். கடிகாரத்தைப் போனோடு ஒப்பிட்டாள். சரியாகத்தான் ஓடியது.

நேற்றைய பக்கத்தைத் திருப்பினாள். எட்டு நிமிடம் என்று அவளே எழுதியிருந்தாள். கண்ணையன் குறைத்தது ஐந்து. மீதி மூன்று நிமிடம் துண்டு நிஜமாகவே முந்தி வந்திருக்கிறது. சிரித்த சிரிப்பில் அதைக் கழித்துப் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது அது மேலே இல்லை.

அண்ணன் போன் கிடைக்கவில்லை. வீட்டுக்கு அடித்தாள்; அண்ணி காந்திமதி எடுத்தாள்.

"ஆறு மணிக்குத்தான் கரைக்கு வருவாரு. நீ போவச் சொன்னேன்னு சிரிச்சிக்கினே போனாரு. எதுனா விசயமா, காயத்ரி?"

ஆறு மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று காயத்ரி கடிகாரத்தைப் பார்த்தாள்.