அடி எடுத்துக் கொடுப்பவர்

மேடையின் முன்விளிம்பில், பார்ப்பவர் கண்ணுக்குப் படாதபடி ஒரு பொந்து. அதற்குள் கழுத்தளவு இறங்கி உட்கார்ந்துதான் எவரிஸ்தோ முப்பத்தொரு வருஷம் பிழைத்தார். ஆபரா என்னும் இசை நாடகத்தில் பாடகர்கள் வாய் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால் அடுத்த அடியின் முதல் சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டும். இத்தாலியின் பியாசென்சா நகரில் ராணியாகவும் ராஜாவாகவும் நின்று கைதட்டு வாங்கிய அத்தனை பேருக்கும் சொல் கொடுத்த மனிதரின் குரலை ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

அவருடைய மனைவி தெல்ஃபினாவும்தான் சரியாகக் கேட்டதில்லை. தொண்டை கெட்டால் தொழில் கெட்டது என்று, அரங்கம் திறந்திருக்கும் மாதங்களில் அவர் வீட்டில் வாயே திறக்க மாட்டார். எல்லாம் கரண்டி பாஷை. தட்டில் ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை, மூன்று என்றால் உப்பு. அரங்கம் மூடியிருக்கும் கோடையில் பேசலாமே என்றால், அதற்குள் பேசுகிற பழக்கமே விட்டுப் போயிருக்கும். எட்டு வருஷத்துக்கு முன்னால் தெல்ஃபினா படியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அதன் பிறகு நான்காம் மாடியை விட்டு இறங்கவே இல்லை. கால் போனதே தவிர வாய்க்கு ஒரு குறையும் வரவில்லை.

"நான் ஒரு ஆளைக் கட்டிக்கிட்டேனா, கரண்டியைக் கட்டிக்கிட்டேனான்னு பாதிரியாரைத்தான் கேக்கணும்" என்பாள். அவர் ஒரு தட்டு தட்டுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருஷம் பிப்ரவரியில் அந்த அரங்கத்துக்கு வானொலி வந்தது. முதல்முறையாக ஓர் ஆபரா அங்கிருந்து நேரடியாக நாடு முழுக்கப் போகப்போகிறது. டூரினிலிருந்து வந்த பொறியாளர் மேடை விளிம்பில் மூன்று மைக்குகளைத் தொங்கவிட்டார். நடு மைக் சரியாக எவரிஸ்தோவின் தலைக்கு மேலே. ஒத்திகையைக் காதில் மாட்டிக் கேட்ட பொறியாளர் துள்ளி எழுந்தார்.

"யாருய்யா அது, பாட்டுக்கு முன்னாடி முணுமுணுக்கறது? அந்தம்மா பாடறதுக்குள்ள பாட்டே முடிஞ்சு போகுது!"

அரங்க மேலாளர் பொந்துக்குள் குனிந்து கறாராகச் சொல்லிவிட்டார். நாளைக்குக் கை காட்டலாம், வாயசைக்கலாம். சத்தம் வரக் கூடாது. ஒரு சொல் வெளியே போனாலும் வேலை போய்விடும்.

எவரிஸ்தோ தலையாட்டினார். ஐம்பத்தெட்டு வயதில் வேறு எங்கே போய் எந்தப் பொந்தில் உட்காருவது?

அந்த ஆபராவில் ராணி வேஷம் இர்மாவுக்கு. வெண்கலக் குரல், ஆனால் கண் கிட்டப்பார்வை. மூன்றடிக்கு மேல் அவளுக்கு எல்லாமே புகை. பத்தொன்பது வருஷமாக அவள் எவரிஸ்தோவைக் காதால்தான் நம்பியிருந்தாள்.

"உங்க கையும் தெரியாது, வாயும் தெரியாது" என்று ஒப்பனை அறையில் அழாத குறையாகச் சொன்னாள். "மூணாவது அங்கத்துல அந்த ஒரு இடம். எத்தனை வருஷமா விழறேன் அங்க! நாளைக்கு இத்தாலி முழுக்கக் கேக்குமே, எவரிஸ்தோ!"

"விழ மாட்டீங்க. ராத்திரி பூரா சொல்லிச் சொல்லிப் பாருங்க" என்றார் அவர். வேறு என்ன சொல்வது?

மறுநாள் மாலை, பக்கத்து வீட்டு செசிராவின் தம்பி தன் வானொலிப் பெட்டியைத் தூக்கி வந்து தெல்ஃபினாவின் கட்டிலருகே வைத்தான். எவரிஸ்தோ தொப்பியை எடுத்தபோது அவள், "இன்னைக்காவது என்னோட வீட்டுக்காரர் என்னதான் வேலை பார்க்கறார்னு தெரிஞ்சுக்கறேன்" என்றாள். அவர் இல்லை என்று கதவில் இரண்டு தட்டு தட்டிவிட்டு இறங்கினார்.

இரண்டு அங்கம் நல்லபடியாகப் போனது. மூன்றாவதில், சிறைக்குப் போகும் மகனை ராணி கடைசியாக அருகில் அழைக்கும் இடம். வயலின்கள் இழைந்து வந்து அவளுக்காகக் காத்து நின்றன. இர்மா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. எவரிஸ்தோ உதட்டை அசைத்தார், கையை வீசினார். அவளோ அவர் இருந்த திசையை வெறித்தபடி, பார்வையற்றவள் போல நின்றாள். கன்னத்துப் பூச்சின் மேல் வியர்வை இறங்கியது. இசைக்குழுவை நடத்துபவர் குச்சியைத் தாழ்த்தாமல் சமாளித்தார். இன்னும் இரண்டு தாளம். அதற்கப்புறம் அவள் இருபது வருஷப் பெயர் தெருவுக்கு வந்துவிடும்.

எவரிஸ்தோவுக்கு மைக் நன்றாகவே தெரிந்தது. அது மூக்குக்கு நேரே இருந்தது.

"வா, என் பக்கத்துல உக்காரு" என்றார்.

இர்மா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பாட்டை எடுத்தாள். அப்படி ஒரு பாட்டை அந்த அரங்கம் அதற்கு முன் கேட்டதில்லை. மாடியில் இருந்தவர்கள் காலால் பலகையை இடித்துக் கூச்சல் போட்டார்கள்.

திரை விழுந்ததும் பொறியாளர் காதில் மாட்டியதைக் கழற்றித் தரையில் எறிந்தார். மேலாளர் சொன்ன சொல் மாறவில்லை. "நாளைலேர்ந்து வர வேண்டாம்." இர்மா அவர் கைகளைப் பிடித்து அழுதாள், மேலாளரைத் திட்டினாள். எவரிஸ்தோ தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

நின்று நின்று நான்கு மாடி ஏறினார். வாசலில் எதிர்ப்பட்ட செசிரா அவரை மேலும் கீழும் பார்த்து, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே ஓடினாள்.

தெல்ஃபினா தலையணையில் சாய்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"யாருய்யா அவ?"

"எவ?"

"வா, என் பக்கத்துல உக்காருன்னியே! நாடே கேட்டுச்சு. செசிரா, 'பாடறவன் யாரோ பேசறான்'னு சொன்னா. இல்லடி, இது எங்காளுன்னேன். எப்பவாவது தும்மினா கேட்டிருக்கேனே, எனக்குத் தெரியாதா?" சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் அழுதுவிட்டாள். "இவ்வளவு பிரியமா பேசற குரலை உள்ள வெச்சுக்கிட்டு எனக்குக் கரண்டியையா தட்டினே, பாவி?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, முப்பது வருஷத்தை எங்கோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்ததுபோல் வலித்தது.

"வேலை போச்சு, தெல்ஃபினா."

அவள் போர்வையை ஒதுக்கி இடம் விட்டாள்.

"அப்போ தொண்டையை இனிமே யாருக்காகச் சேத்து வைக்கப் போற? பேசு."

அவர் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். ஊரார் வரிகள் ஆயிரக்கணக்கில் மனப்பாடம். சொந்தமாக ஒரு வரி வரவில்லை. இர்மா நின்றது போலத் திகைத்து உட்கார்ந்திருந்தார்.

தெல்ஃபினா அவர் காதருகே சாய்ந்து மெல்லச் சொன்னாள்:

"காலையில எழுந்ததும்..."

"காலையில எழுந்ததும்" என்று எவரிஸ்தோ ஆரம்பித்தார், "நீ தூங்கறதைப் பார்த்தேன். எழுப்ப மனசு வரல."