ஆரபியின் மூச்சுக்குழாய்

1.
இந்தக் கதை கட்டுரையாகத்தான் தொடங்கியது. சளிக்கு மருந்தெடுக்க மானிப்பாய்க்குப் போயிருந்தேன். "மூச்சுக்குழாயின்ரை உள்தோலைச் சும்மா சுவரெண்டு நினைக்கினம். தூசி பட்டால் முதலிலை கூப்பாடு போடுறதே உதுதான்," என்றார் டொக்டர் ஷரோன். வீட்டுக்கு வந்ததும் எழுதத் தொடங்கினேன்:

மூச்சுக்குழாயின் உட்புறத்தை மூடியிருக்கும் உயிரணுக்கள் புகை பட்டதும் இரசாயனச் செய்திகளை வெளியிடுகின்றன. அவை நோயெதிர்ப்பு அணுக்களை அழைத்து—

(இப்படியே போனால் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். ஆகவே ஆரபி.)

2.
ஆரபிக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு. ஆஸ்துமாவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கலியாணம் பேசியபோது தாய் கெஞ்சினாள்: "தாலி ஏறுமட்டும் வாயைத் திறவாதை, பிள்ளை." ஏறிய பிறகு வாயைத் திறப்பது இன்னும் கடினமாகிவிட்டது. நீர்வேலியில் கணவன் வீட்டில் எந்நேரமும் ஆட்கள். காலையும் மாலையும் இழுக்கவேண்டிய மருந்தை ஒளித்து ஒளித்துக் களைத்து, ஒருநாள் நிறுத்திவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. சுகமாகிவிட்டது என்றே நம்பினாள்.

[அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: உள்தோலின் கூப்பாட்டுக்குத் திரண்டு வரும் அணுக்களை அடக்கிவைப்பதுதான் அந்த மருந்தின் வேலை. நிறுத்தினால் குழாய் உள்ளுக்குள் மெல்ல வீங்கும். ஆளுக்குத் தெரியாது.]

3.
புது வீடு குடிபுகுந்த நாள். பெயின்ற் மணம் இன்னும் போகவில்லை. ஓமகுண்டத்தின் முன் கணவன் மயூரதனோடு அமர்ந்திருந்தாள். ஐயர் நெய் ஊற்ற ஊற்றப் புகை அவள் பக்கமே சாய்ந்தது. உள்ளே போன மூச்சு வெளியே வர மறுத்தது.

"இஞ்சேருங்கோ…"

"கொஞ்சம் பொறும் ஆரபி, முடியப்போகுது."

பின்னாலிருந்து மாமி பாலேஸ்வரி குனிந்து, "பூரணாகுதிக்கு முன்னம் எழும்பக்கூடாது பிள்ளை," என்றார்.

(இவரைக் கொடுமைக்காரி ஆக்கக் கை துடித்தது. எழுதி, அடித்துவிட்டேன். மகனின் வீடு நிலைக்கவேண்டுமே என்று பயந்த மனுசி, அவ்வளவுதான்.)

ஆரபி எழும்பினாள். மந்திரம் நின்றது. இரண்டடி வைத்தவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். மயூரதன் அவளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற ஓட்டோவுக்கு ஓடினான்.

"என்ன செய்யுது?"

"முட்டு…"

"எப்பவிருந்து?"

"சின்ன…னிலை…"

"மருந்து?"

"நிப்பாட்டி…ட்டன்."

அவளுடைய உதடு நீலம் பாரித்திருந்தது. அவன் அதற்குமேல் கேட்கவில்லை. "அண்ணை, விரைவா விடுங்கோ!" என்று கத்தினான்.

4.
ஒரு வரைவில் அவள் வழியிலேயே இறந்துபோனாள். நன்றாக வந்திருந்தது. அதனாலேயே வெட்கமாக இருந்தது, கிழித்தேன்.

ஆஸ்பத்திரியில் முகமூடி வழியாக மருந்தாவி போகப் போக அவள் நெஞ்சு இளகியது. மயூரதன் அவள் காலடியில் இருந்தான். "என்னட்டையாவது சொல்லியிருக்கலாமே," என்றான். கோபமா, அழுகையா, எனக்கே பிடிபடவில்லை.

அப்போது மாமி வந்தார்.

"பிள்ளைக்கு என்ன வருத்தமாம்? டொக்டர் என்ன சொன்னவர்?"

"ஓமப்புகை ஒத்துக்—" மயூரதன் பாதியில் நிறுத்தி ஆரபியைப் பார்த்தான். அவள் முகமூடியை மெல்ல உயர்த்தினாள்.

இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் உண்மையைச் சொல்கிறாள். மற்றதில் "ஓம் மாமி, புகைதான்," என்கிறாள். மருந்து மறுபடியும் ஒளிந்துகொள்கிறது, குழாய் மறுபடியும் வீங்கத் தொடங்குகிறது. எதைச் சொல்வதென்று அவளுக்கும் தெரியாது. கேட்டவரின் முகத்தில் அதற்கு விடை தேடிக்கொண்டிருக்கிறாள்.

மாமியை இப்போது அங்கிருந்து எடுத்துவிட்டேன். கட்டிலருகில் நிற்பது நீங்கள்.