ஈரத்தோல் காயும்வரை

தையற்காரர் அந்த வாத்தியத்தைப் பழைய தலையணை உறைக்குள் போட்டு, பூனைக்குட்டியைத் தூக்கி வருவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். மேசையில் உருவி வைத்ததும் சுருதியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைக்கடக்கமான ஒரு மேளத்துக்குக் குட்டையாக ஒரு கழுத்தை ஒட்டி, அதில் நாலு தந்தியைக் கட்டிவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

"பாஞ்சோ யுகுலேலே. கழுத்தும் தந்தியும் யுகுலேலே, உடம்பும் தொண்டையும் பாஞ்சோ. யாரோடது?"

"எங்க அப்பாவோடது. பரண்ல கெடந்துச்சு. பொண்ணு இதைத்தான் கத்துக்குவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறா."

அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. தந்தி வாத்தியங்களைப் பழுதுபார்க்கும் அந்தக் கடையை அவளும் புருஷனும் சேர்ந்து நடத்தினார்கள். மரமும் இரும்பும் அவர் பொறுப்பு, தோலும் தந்தியும் அவள் பொறுப்பு. வாசலில் போகிற பஸ்ஸின் ஹாரனைக்கூட எந்தச் சுருதி என்று சொல்லிவிடுவாள், அதனால் தெருவே அவளைச் சுருதியக்கா ஆக்கிவிட்டது. புருஷனுக்குப் பட்டப்பெயர் எதுவும் கிடையாது. மனிதர் வாயைத் திறந்தால்தானே வைப்பதற்கு?

தொண்டையில் வளர்ந்த கட்டி அந்தக் கொஞ்சப் பேச்சுக்கும் உலை வைத்துவிட்டது. குரல்வளையை எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். திங்கட்கிழமை ஆபரேஷன். ஆள் பிழைத்தால் போதும் என்று அவள் நிம்மதியடைந்தது உண்மைதான். ஆனால் உள்ளறையில் இருந்துகொண்டு "இங்க பாரேன்" என்று கூப்பிடுவாரே, அந்தக் குரல் இனிமேல் இல்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. போனில் பதிவு செய்து வைக்கப் பார்த்தாள். போனை நீட்டியதும் மனிதர் விறைத்துக்கொண்டு, "வணக்கம், நல்லா இருக்கேன்" என்று யாரோ மூன்றாம் மனிதர்போலப் பேசினார். அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, அழித்தும்விட்டாள்.

தையற்காரரின் வாத்தியத்தில் வேலை கொஞ்சநஞ்சமில்லை. தோலை இழுத்துப் பிடிக்கும் பித்தளை வளையத்தைச் சுற்றிலும் கொக்கிகள், ஒவ்வொன்றின் அடியிலும் துருவேறிய நட்டு. புருஷன் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஒன்றைக் கொஞ்சம் திருப்பினால் அதற்கு எதிரே இருப்பதையும் கொஞ்சம் திருப்பி, எல்லாவற்றையும் உயிர்ப்பித்தார். தோல் ஓரத்தில் கிழிந்திருந்தது, மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றுவதற்கு முன்னால் இதன் நாதம் எப்படி இருந்தது என்று கேட்டுவிடலாமே என்று அக்கா தந்தி கட்டினாள். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க அப்போதுதான் தையற்காரரும் வந்து உட்கார்ந்தார்.

அவள் ஒரு தந்தியைச் சுண்டினாள். கணீரென்று எழுந்த ஓசை தேய்ந்து அடங்கும் இடத்தில், ஓர் ஆண் குரல் சொன்னது:

"கதவச் சாத்து. காத்து வருது."

அக்கா திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. கதவும் சாத்தித்தான் இருந்தது. மறுபடி சுண்டினாள். மறுபடியும் அதே குரல், அதே எரிச்சல்.

தையற்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. "அப்பா," என்றார். "அவரேதான் இதுக்குத் தோல் போடுவாரு. சமையலறையில வச்சுக் காயவைப்பாரு. காத்துப்பட்டா கோணிக்கும்னு எங்கம்மாவை விரட்டிக்கிட்டே இருப்பாரு." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "செத்தும் கதவச் சாத்தச் சொல்றாரே மனுஷன்!"

எழுந்துகொண்டார். "இது எங்க வீட்டுக்கு வேணாங்க்கா. பொண்ணுக்கு வேற வாங்கிக் குடுத்துக்கறேன். இதை நீங்களே வச்சுக்குங்க, என்னமோ பண்ணுங்க."

போகும்போது கதவை ஒரு தடவைக்கு இரு தடவையாக இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவர் மனத்திலும் ஓடியது ஒன்றுதான். அவர்கள் கடையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஈரத்தோல் காய்கிற அறையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. மூச்சுக்காற்று பட்டால் தோல் ஒருபக்கமாகக் காயும், அதனால்தான் என்று நம்பியிருந்தார்கள். அவர் ஒருமுறை அந்த அறையில் சுத்தியலால் தன் கட்டைவிரலையே நசுக்கிக்கொண்டார். அப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடிப்போய்த்தான் கத்தினார். அப்படிப்பட்ட கட்டுப்பாடு. அதற்குக் காரணம் மூச்சுக்காற்று இல்லை, காய்கிற தோல் கேட்டதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பது இப்போது புரிந்ததும் அக்கா வாத்தியத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். பயத்துக்கு நடுவிலேயே ஓர் ஆசையும் முளைத்துவிட்டது.

"ஏங்க."

"ம்."

"இதுக்குப் புதுத்தோல் போடறேன். அது காயற வரைக்கும் நீங்க பக்கத்துல உக்காந்து பேசணும்."

"பைத்தியமா உனக்கு?" அவர் குரல் ஏற்கெனவே பாதி கரகரப்பாகியிருந்தது. "ஈரத்தோல் முன்னாடி போயி..."

"அதுக்குத்தாங்க சொல்றேன். என்னை எப்பவும் கூப்பிடுவீங்களே, அப்படிக் கூப்பிட்டா போதும்."

 அவர் ஸ்பேனரை எடுத்தார்.

கடைசி நட்டு கழன்றதும் பழைய தோல் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டுத் தளர்ந்தது. அதே கணம் வாசல்கதவு தானாகத் திறந்துகொண்டது. எழுந்து போய்ச் சாத்த இருவருக்குமே துணிச்சல் வரவில்லை.

சனிக்கிழமை காலை அவள் கன்றுத்தோலை நீரில் ஊறப்போட்டாள். துவைத்த கைக்குட்டைபோல அது துவண்டதும் மரவளையத்தின் மேல் விரித்து, சுருக்கம் விழாமல் இழுத்து, பித்தளை வளையத்தை அழுத்தி மாட்டினாள். நட்டுகளை விரலாலேயே லேசாகத் திருப்பினாள். பிறகு உள்ளறையில் வாத்தியத்தை ஒரு முக்காலியிலும் அவரை எதிரே ஒரு நாற்காலியிலும் வைத்துவிட்டு, தன் சத்தம் அதில் விழுந்துவிடக் கூடாதே என்று வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது, அவ்வளவுதான்.

"ஏங்க, பேசுங்க," என்றாள் தணிந்த குரலில்.

அவருடையது தேய்ந்துபோன குரல், கதவோ கனத்த மரம், மெதுவாகப் பேசுகிறார்போல என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் நேரம் போகப் போக அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தோல் காய்ந்துகொண்டிருக்கும், திங்கட்கிழமை வந்துகொண்டிருக்கும். கதவிடுக்கில் வாயை வைத்து, "ஏதாவது பேசுங்க," என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்து, "எனக்காகப் பேசுங்களேன்," என்றாள். அப்போது அவள் குரல் உடைந்திருந்தது.

சாயங்காலம் அவர் வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. இவ்வளவு அழுதிருக்கிறார் என்றால் எவ்வளவு பேசியிருப்பார்! கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் கட்டோடு அவர் வீடு வந்து சேர்ந்த அன்று, காபிகூடப் போடாமல் அவள் வாத்தியத்தை எடுத்து மேசையில் வைத்தாள். தோல் வெள்ளை வெளேரென்று காய்ந்திருந்தது. எதிரெதிர் நட்டுகளாக முறுக்கி ஏற்றினாள். தந்திகளைத் தாங்கும் குதிரையைத் தோலின்மேல் நிறுத்தி, தந்தி கட்டிச் சுருதி சேர்க்க உட்கார்ந்தபோது அவர் வேகமாக வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"வெக்கத்தப் பாரு," என்று அவள் சிரித்துக்கொண்டே கையை விடுவித்துக்கொண்டு, தந்தியைச் சுண்டினாள்.

நல்ல நாதம். கொஞ்சமும் கோணல் இல்லை. அது தேய்கிற இடத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அதன் பின்னால் ஒரு பெண் தணிந்த குரலில் சொன்னாள்:

"ஏங்க, பேசுங்க."

அது அக்காவின் குரலேதான். அடுத்த தந்தியைச் சுண்டினாள். அதிலும் அவள்தான். அதற்கடுத்ததிலும் அவள்தான். அவருடைய குரலில் ஒரு முனகல்கூட இல்லை.

அவர் அந்த நாற்காலியில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார், வாயைத் திறந்து திறந்து பார்த்தார், காலமெல்லாம் கட்டிக்காத்த பழக்கம் ஈரத்தோலுக்கு முன்னால் அவர் நாக்கைக் கட்டிப்போட்டுவிட்டது. அதைச் சொல்லி அழவாவது அவருக்கு இப்போது ஒரு குரல் வேண்டுமே! கையை ஆட்டினார், நெஞ்சில் அடித்துக்கொண்டார். திறந்த வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை.

"போதும், போதும்," என்று அக்கா உள்ளங்கையால் தந்திகளை அமுக்கிப் பிடித்தாள். தந்திகள் ஓய்ந்தன. தோல் ஓயவில்லை. அவள் கைக்கு அடியில் அது அதிர்ந்து அதிர்ந்து, அவரைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டே இருந்தது:

"எனக்காகப் பேசுங்களேன்."