பிடியரிசிப் பானை

செலஸ்தின் கத்தோலிக்க மாணவர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனது 1978ஆம் வருஷத் தவக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால். அப்போது பி.ஏ. இரண்டாம் வருஷம். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளையும் புத்தகம் பார்க்காமல் சொல்லுவாள். சங்கத்தை நடத்திய லெயோன் சாமியாருக்கு அது போதுமாக இருந்தது. அவள் வீடு எங்கே, அப்பா என்ன செய்கிறார் என்று அவர் கேட்டதே இல்லை. கேட்ட தோழிகளிடம், "சாரம். அப்பா மில்லுல, ஆபீஸ்ல இருக்காரு" என்று சொல்லி வைத்திருந்தாள்.

சாரம் என்கிற பேட்டை உண்மை. மில்லும் உண்மை. ஆபீஸ்தான் பொய். அப்பா சவரிமுத்துவைத் தெருவில் எல்லாரும் பக்கிரி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் மில்லில் பஞ்சு பிரிக்கிற இடத்தில் நின்று, நெஞ்செல்லாம் பஞ்சுத்தூசி ஏறி, நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது இருமலாக வரும். மார்கழியில் மில்லைக் கதவடைப்புச் செய்தார்கள். அதிலிருந்து அவர் கட்டிலில்தான். அம்மா மணியம்மாள் டவுனில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள்.

பொய்யை அவள் யோசித்துச் சொல்லவில்லை. முதல் வருஷம் முதல் கூட்டத்தில் மதலேன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மதலேனின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன்வரை போய் வந்தவர். அவர்கள் வீட்டில் தவக்காலத்தைக் கரேம் என்றுதான் சொல்வார்கள். மதலேன் கேட்டதும் பொய் வாயில் வந்துவிட்டது. வந்த பிறகு திருப்பி விழுங்க முடியவில்லை.

அந்த வருஷம் லெயோன் சாமியார் புதிதாக ஒன்று ஆரம்பித்தார். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட வேண்டும். அந்த வேளைக்கு வீட்டில் எவ்வளவு அரிசி போடுவார்களோ அதைக் கொண்டுவந்து சிலுவைப்பாதை முடிந்ததும் கூடத்தில் இருக்கிற பானையில் கொட்ட வேண்டும். பானை நிறைகிறபோது கோயில் பங்கிலேயே ரொம்பவும் கஷ்டப்படுகிற ஒரு குடும்பத்துக்குப் போய்க் கொடுக்க வேண்டும்.

"மிச்சம் இருக்கறதக் கொடுக்கறது தானம் இல்ல," என்றார் சாமியார். "வயித்துலேருந்து எடுத்துக் கொடுக்கணும்."

செலஸ்தினுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. வீட்டில் சொன்னபோது மணியம்மாள் அரிசிப் பானையை எட்டிப் பார்த்தாள். பிறகு, "கோயிலுக்குன்னா எடுத்துக்கினு போ," என்றாள். இரண்டு வெள்ளிக்கிழமை செலஸ்தின் தன் பங்கு அரிசியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போனாள். மற்றவர்கள் ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சேர்த்துச் சாப்பிட்டார்கள். அவளுக்கு ராத்திரியும் கஞ்சித் தண்ணீர்தான். ஆனாலும் அந்த இரண்டு வெள்ளிக்கிழமையும் அவள் மனசு நிறைந்திருந்தது. பானைக்கு முன்னால் மதலேனும் அவளும் ஒன்றுதான்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுப் பானையில் அரிசி இல்லை. அடுத்த தெரு அன்னக்கிளியின் வீட்டுக்குப் போய், "ஒரு பிடி அரிசி குடேன்" என்று கேட்டாள். அன்னக்கிளி கல்லூரியில் அவளோடு படிக்கிறவள், சங்கத்தில் இல்லை. அவள் அப்பாவுக்கு ஊர்ப்பக்கம் கொஞ்சம் நிலம் உண்டு. காரணம் கேட்காமல் இரண்டு பிடி அள்ளிக் கொடுத்தாள். அதில் ஒன்றைக்கூட வீட்டில் வைக்காமல் செலஸ்தின் சங்கத்துப் பானையில் கொட்டினாள்.

அன்றைக்குப் பானை நிறைந்தது.

பங்கு உபதேசியார் சூசை ஒரு காகிதத்தோடு வந்திருந்தார். ஐந்து குடும்பங்களின் பெயர். செயலாளர் என்பதால் வாசிக்கிற வேலை செலஸ்தினுக்கு. எழுந்து நின்று ஒன்றொன்றாக வாசித்தாள். நாலாவது பெயர், சாரம் சவரிமுத்து என்கிற பக்கிரி, மில் தொழிலாளி, சுகமில்லை. குரல் நடுங்கவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். ஐந்தாவதையும் வாசித்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இதுல யாருக்கு முதல்ல?" என்றார் சாமியார்.

"நாலாவது பேரு சாமி," என்றார் சூசை. "அந்த வூட்ல ஒல வெச்சி ரெண்டு நாளாவுது."

செலஸ்தின் தலை நிமிரவில்லை. இரண்டு நாள் என்பது சரியாக இருந்தது. தன் வீட்டு அடுப்பைப் பற்றி இந்த ஆளுக்கு எப்படித் தெரியும், யார் எட்டிப் பார்த்தார்கள் என்று நினைத்தாள்.

"ஃபாதர், மத்தவங்க வீட்ல சின்னக் குழந்தைங்க இருக்காங்க," என்றாள். "அவங்களுக்குக் கொடுக்கலாமே."

"இந்த வூட்லயும் பிள்ள உண்டு," என்றார் சூசை. "படிக்கிற பொண்ணுன்னு சொன்னாங்க. நான் பாத்ததில்ல."

"செலஸ்தின் நியாயமாத்தான் யோசிக்கிறா," என்று சாமியார் சிரித்தார். "ஆனா நோயாளி இருக்கற வீடு. நாளைக்கு அங்கேயே போவோம். எல்லாரும் வரணும்."

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூட்டம் முடிந்து அவர் தனியாக நின்றபோதும் சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போய் அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம். மூன்றையும் அவள் செய்யவில்லை. காலையில் காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தாள். ஆனால், சங்கம் கொடுப்பதை எழுதி வாங்குகிற நோட்டு அவளிடம் இருந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பன்னிரண்டு பேர் சைக்கிளிலும் ரிக்‌ஷாவிலுமாகப் புறப்பட்டார்கள். மூட்டை முன் ரிக்‌ஷாவில். மதலேன் தன் அண்ணனின் காமிராவைக் கொண்டுவந்திருந்தாள். சாரத்துக்குள் நுழைந்ததும் செலஸ்தின் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். வெயில் என்று யாரோ சொன்னார்கள். ஆமாம் என்றாள்.

மணியம்மாள் வாசலில் நின்றிருந்தாள். உபதேசியார் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் வாசல் தெளித்திருந்தது. கொடியில் எப்போதும் தொங்கும் செலஸ்தினின் தாவணியைக் காணோம். மாடத்தில் அடுக்கியிருக்கும் அவள் புத்தகங்களையும் காணோம். அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் நின்றிருந்த மகளின் முகத்துக்கு வந்தாள். அங்கே ஒரு கணம் நின்றாள்.

"வாங்க சாமி. தோத்திரம். வாம்மா, எல்லாரும் வாங்க," என்றாள். பிறகு செலஸ்தினைப் பார்த்து, "நீயும் வாம்மா, ஏன் வெயில்ல நிக்கற," என்றாள். யார் வீட்டுப் பெண்ணையோ கூப்பிடுகிற குரல்.

உள்ளே நாலு பேர்தான் நிற்க முடியும். சாமியார் கட்டிலருகில் போய்ப் பக்கிரியின் நெற்றியில் சிலுவை போட்டார். பக்கிரி எழுந்து உட்காரப் பார்த்தார். வாசல் வெளிச்சத்தில் நோட்டோடு நின்ற மகளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. "பாப்பா..." என்று கையை நீட்டினார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவுரு எந்தப் பொண்ணப் பாத்தாலும் பாப்பான்னுதான் கூப்புடுவாரு," என்றாள் மணியம்மாள் சட்டென்று. "ஒடம்பு முடியாதவரு, தப்பா நெனச்சிக்காதம்மா."

"பரவால்லம்மா," என்றாள் செலஸ்தின்.

பக்கிரியின் கை அப்படியே கொஞ்சநேரம் நின்றது. பிறகு போர்வைக்குள் போய்விட்டது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். இருமல் வந்தது.

மூட்டையை இறக்கினார்கள். நோட்டில் கைநாட்டு வைக்க வேண்டும். செலஸ்தின்தான் மைப்பெட்டியைத் திறந்து அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினாள். சாம்பலும் தேங்காய் நாரும் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்த விரல். சரியாக விழவில்லை. இரண்டாம் தடவை அழுத்த வேண்டியிருந்தது. மணியம்மாள் மகளின் கையைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு போட்டோ," என்றாள் மதலேன். மூட்டைக்கு ஒரு பக்கம் மணியம்மாள், ஒரு பக்கம் சாமியார், பின்னால் மாணவர்கள். செலஸ்தின் ஓரத்தில் நின்றாள்.

சாயந்தரம் அவள் வீட்டுக்கு வந்தபோது சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

"அம்மா, ஒனக்குத் தெரியுமா, நான் வருவேன்னு?"

"ஒங்க சங்கம்தான்னு உபதேசியாரு சொன்னாரு. நீ நேத்து வந்து சொல்லுவன்னு பாத்தேன். காலீல சொல்லுவன்னு பாத்தேன். சொல்லாம பொறப்பட்ட. அப்ப இன்னா அர்த்தம்? ஒனக்கு நாங்க வேணாம்னு அர்த்தம்."

"அப்படி இல்லம்மா."

"வேற எப்படி? வாசல்ல வந்து நின்னியே, அந்த நிலையப் பாத்தாவே தெரிஞ்சிது. நீ மறைக்கறத நான் எதுக்கு அவுத்துக் காட்டணும்? துணி, பொஸ்தகம் எல்லாம் கட்டிலுக்கு அடீல கெடக்குது, எடுத்து வெய்யி."

பக்கிரி அந்தச் சோற்றை வேண்டாம் என்றார். மணியம்மாள் தட்டை அவர் மடியில் வைத்தாள். "துன்னு. ரோசப்பட்டா மூச்சு வாங்கும்." அவர் சாப்பிட்டார். செலஸ்தினும் சாப்பிட்டாள். பலவிதமான அரிசி கலந்த சோறு. சிலது குழைந்திருந்தது, சிலது வேகவே இல்லை. சாப்பிட்டு முடித்ததும், "பாப்பா, கொஞ்சம் தண்ணி" என்று கேட்கிற அப்பா அன்றைக்கு எழுந்துபோய்த் தானே மொண்டு குடித்தார்.

அடுத்த வியாழக்கிழமை போட்டோ கல்லூரிக் கத்தோலிக்க மாணவர் பலகையில் ஏறிவிட்டது. கீழே "ஏழைக்கு இரங்குகிறவன் ஆண்டவருக்குக் கடன் கொடுக்கிறான்" என்று மதலேன் அழகாக எழுதியிருந்தாள். அந்தப் பக்கமாகப் போன அன்னக்கிளி நின்று பார்த்தாள்.

"ஏ செலஸ்தின், இது ஒங்க வூடாச்சே! ஒங்க அம்மா போட்டோலாம் போட்டுருக்காங்க?" என்று சந்தோஷமாகவே கேட்டாள்.

மதலேன் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். போட்டோவைப் பார்த்தாள், செலஸ்தினைப் பார்த்தாள், போய்விட்டாள்.

மத்தியானம் லெயோன் சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். கோபப்படவில்லை. வருத்தப்பட்டார்.

"ஏன்மா மறைச்ச? ஏழையா இருக்கறது பாவம் இல்லியே. ஆண்டவரே ஏழையாத்தான் பொறந்தாரு. பெத்தவங்கள மறைச்சதுதான் பாவம். அது ஆங்காரம்."

"ஆமா ஃபாதர்."

"என்கிட்ட வந்து சொல்லியிருந்தா யாருக்கும் தெரியாம கொடுத்திருப்பேனே."

செலஸ்தின் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "யாருக்கும் தெரியாம கொடுக்கறது உங்களுக்கு முடியும்னா, மத்த நாலு பேருக்கும் அப்படியே கொடுங்க ஃபாதர். அந்தப் போட்டோவ எடுத்துடுங்க."

"எடுத்துடறேன்," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆயர் இல்லத்துக்கு அறிக்கையோட ஒண்ணு போயிடுச்சு. அத ஒண்ணும் பண்ண முடியாது," என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. போகவேண்டாம் என்றுதான் தோன்றியது. போகாவிட்டால் அது இன்னும் பெரிய பேச்சாகும் என்று போனாள். வீட்டில் இப்போது அரிசி இருந்தது. அம்மா கேட்காமலேயே ஒரு பிடி மடித்துக் கொடுத்திருந்தாள். சிலுவைப்பாதை முடிந்து எல்லாரும் வரிசையாகப் போய்ப் பானையில் கொட்டினார்கள். அவள் முறை வந்தபோது மதலேன் பானையின் வாயில் கையை வைத்து மூடினாள்.

"நீ போட வேணாம், செலஸ்தின்," என்றாள் மெதுவாக. அன்பாகத்தான் சொன்னாள். அவள் கண்கூட ஈரமாக இருந்தது. "நீ வீட்டுக்கே எடுத்துட்டுப் போ. வேணும்னா இதுலேருந்தும் கொஞ்சம் கட்டித் தரோம்."

வரிசையில் நின்றவர்கள் வேறெங்கோ பார்த்தார்கள். செலஸ்தின் பொட்டலத்தை மூடினாள். நோட்டையும் மைப்பெட்டியையும் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். பிறகு அந்தக் கூடத்துக்கு அவள் போகவில்லை. யாரும் வந்து கூப்பிடவுமில்லை. அடுத்த வாரமே செயலாளர் வேலைக்கு வேறொருத்தியைப் போட்டுவிட்டார்கள்.

பெரிய வெள்ளிக்கிழமை அம்மாவும் அவளும் கோயிலுக்கு நடந்து போனார்கள். சிலுவையை முத்தமிடுகிற வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. முன்னால் மதலேனும் அவள் அம்மாவும். மதலேனின் அம்மா கறுப்பு வலைத்துணியைத் தலையில் போட்டிருந்தாள். திரும்பிப் பார்த்து, "இது யாரு?" என்று மகளிடம் கேட்டாள். மதலேன் பதில் சொல்லத் திணறினாள்.

"எங்க அம்மா," என்றாள் செலஸ்தின். வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "எங்க அம்மா மணியம்மாள். நான் அவங்க பொண்ணு."

மதலேனின் அம்மா தலையசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். செலஸ்தின் அம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள். மணியம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது ரயில்வே கேட்டருகே நின்றபோதுதான் மணியம்மாள் சொன்னாள். "எல்லாருக்கும் தெரிஞ்சப்புறம் சொல்றதுக்கு இன்னா பெருமை வேண்டிக் கெடக்குது? அன்னிக்கு அந்த மனுசன் கைய நீட்டினாரே, அன்னிக்குச் சொல்லியிருக்கணும்."

கேட் திறந்ததும் மணியம்மாள் முன்னால் நடந்தாள்.

பக்கிரி அந்த ஆவணியில் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். செலஸ்தின் கடைசி இரண்டு நாளும் கட்டிலருகிலேயே உட்கார்ந்திருந்தாள். வார்டில் வந்துபோன நர்ஸ் ஒவ்வொருத்தியிடமும், யாரும் கேட்காமலே, "நான் இவரு பொண்ணு" என்று சொன்னாள். அவர் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. கடைசிவரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.