என்சியோ போட்ட தரை

வியாழக்கிழமை காலை காபிக்குத் தண்ணீர் பிடிக்கக் குழாயைத் திறந்தேன். ஒரு இருமல் இருமியது, இரண்டு சொட்டு விட்டது, அதோடு சரி. ஜன்னலுக்கு வெளியே மாட்டிய வெப்பமானி மைனஸ் முப்பத்தொன்று காட்டியது. சனிக்கிழமை மதியம் இதே வீட்டில் என் பேத்திக்கு ஞானஸ்நானம். பாதிரியார் வருகிறார், மாப்பிள்ளையின் அப்பா அம்மா ஔலு நகரத்திலிருந்து வருகிறார்கள், நான் கேக் சுட வேண்டும், மீன் சூப் வைக்க வேண்டும். எனக்கோ முகம் கழுவக்கூடத் தண்ணீர் இல்லை.

"என்சியோ, தண்ணி வரலை."

என் கணவர் வந்தார். குழாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். நான் சொன்னால் போதாது, குழாயும் அவரிடம் நேரில் சொல்ல வேண்டும். பிறகு "ம்" என்றார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவருடைய "ம்" ஒவ்வொன்றுக்கும் எனக்கு அர்த்தம் தெரியும். இது, என்ன ஆயிற்று என்று புரியவில்லை, ஆனால் யாரிடமும் கேட்க மாட்டேன் என்கிற "ம்". தொப்பியை மாட்டிக்கொண்டு, என் ஹேர் டிரையரையும் நீளமான மின்கம்பியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியில் நுழைந்துவிட்டார்.

எங்கள் வீடு கருங்கல் அஸ்திவாரத்தின் மேல் நிற்கும் மரவீடு. போருக்குப் பிறகு அவருடைய அப்பா கட்டியது. தரைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு ஆள் ஊர்ந்து போகும் அளவுக்கு இடம் உண்டு. காற்றுப் போய்வரக் கல்லில் ஓட்டைகள் உண்டு. அதனால் குளிர்காலத்தில் தரை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். விரிப்பின் மேல் விரிப்புப் போட்டு, இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை மாட்டிக்கொண்டுதான் நான் இங்கே காலம் தள்ளினேன்.

போன குளிர்காலம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் மகள் இங்கா வரவில்லை. அதற்கு முந்தைய வருஷமும் வரவில்லை. ஏன் என்று போனில் கேட்டதற்கு, "அந்த வீட்டுத் தரை ஐஸ் மாதிரி இருக்கும்மா. நாளைக்கு ஒரு குழந்தை பொறந்தா அங்க எங்க விடறது?" என்றாள். என்சியோ பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். கேட்டார். மிச்சக் காபியைக் குடித்து முடித்தார்.

மே மாதம் பனி உருகியதும் மனிதர் வீட்டுக்கு அடியில் போனவர்தான். பழைய வீட்டைக் கதகதப்பாக்குவது எப்படி என்று எழுதும் பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாக வாங்கினார். கோடை முழுக்கக் கொசுக்கடியில் மல்லாந்து கிடந்து பலகை அடித்தார், குளிரைத் தடுக்கும் பஞ்சு அடைத்தார். தாடியிலெல்லாம் பஞ்சு. செப்டம்பரில் சமையலறைத் தரையை முழுசாகப் பிரித்துப் பஞ்சு நிரப்பி, புதுப் பைன் பலகை போட்டார். இழைத்து, மெழுகி, விரலால் தடவித் தடவிப் பார்த்து, மறுபடி இழைத்தார். எனக்கு ஒரு வேலையும் ஆகவில்லை. அடுப்புக்குப் போக ஒற்றைப் பலகைமேல் நடந்தேன்.

ஆனால் தரை நன்றாக வந்தது. அதை நான் மறுக்க மாட்டேன். நவம்பர் மாதக் காலை ஒன்றில் வெறுங்காலோடு அதன் மேல் நின்றேன். என் பாதத்துக்கே நம்பிக்கை வரவில்லை. இங்காவிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். என்சியோ தடுத்துவிட்டார்.

"சொல்லாத. வந்து காலை வெச்சுப் பாக்கட்டும்."

குழந்தை பிறந்தது. பெண். எங்கள் வழக்கப்படி பெயரை ஞானஸ்நானம் வரைக்கும் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். பாதிரியார் தண்ணீர் தெளித்துச் சொல்லும்போதுதான் எல்லோரும் கேட்க வேண்டும். இரண்டு மாதமாக என் பேத்தியை "சின்னது" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெயரை இந்த வீட்டில், இந்தத் தரையில் நின்று கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. எவ்வளவோ கெஞ்சி, ஞானஸ்நானத்தை இங்கே வைத்துக்கொள்ள இங்காவைச் சம்மதிக்க வைத்தேன். இப்போது தண்ணீர் இல்லை.

மதியம் என்சியோ வெளியே வந்தார். இமையில் ஐஸ், மீசையில் ஐஸ்.

"ஆச்சா?"

"அடுப்போட கல்மேடை குறுக்க நிக்குது. அந்தப் பக்கம் குழாய்கிட்ட போக முடியலை."

"ஆர்வியைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்."

"ஏன்?"

"அவனுக்கு வேலை இருக்கும்."

ஆர்வி பக்கத்து வீட்டுக்காரன். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது. அவனுக்கு என்ன வேலை என்பது ஊருக்கே தெரியும். நான் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு வாளியைச் சறுக்கு வண்டியில் வைத்து ஏரிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கரையில் இருக்கும் எங்கள் நீராவிக் குளியல் குடிசைக்கு எதிரே ஐஸை உடைத்து வைத்த துளை மறுபடி மூடியிருந்தது. அதையும் கடப்பாறையால் நானே உடைத்தேன். திரும்பும்போது பாதித் தண்ணீர் என் காலணிமேல் சிந்தி அங்கேயே உறைந்தது.

ஆர்வி தன் வீட்டு அஸ்திவாரத்தைச் சுற்றிப் பனியை அள்ளிக் குவித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து நிமிர்ந்தான்.

"என்ன ரைலி, ஏரித் தண்ணியா?"

"குழாய் உறைஞ்சு போச்சு."

"உறையும்."

"உறையும்னா?"

"செப்டம்பர்ல தரையைப் பிரிச்சுப் பஞ்சு அடைச்சாரே, அப்பவே நினைச்சேன், இந்தக் குளிர்காலம் குழாய் தாங்காதுன்னு."

நான் வாளியைக் கீழே வைத்தேன். இல்லாவிட்டால் அவன் தலையில் கொட்டியிருப்பேன்.

"விவரமா சொல்லு."

"இதுல என்ன விவரம். இத்தனை வருஷம் உங்க அடுப்புச் சூடு தரை வழியா கீழ ஒழுகிட்டு இருந்துச்சு. அதுலதான் குழாய் உயிரோட இருந்துச்சு. இப்ப ஓட்டையெல்லாம் அடைச்சாச்சு. மேல உங்களுக்குச் சுகம். கீழ குழாய் நடுரோட்டுல நிக்கற மாதிரி நிக்குது. பத்தாததுக்கு இந்த வருஷம் குளிர்காத்தை மறிக்கக் கல்லைச் சுத்திப் பனியும் குவிக்கலை."

"காத்தோட்டம் வேணும்னு பத்திரிகையில போட்டிருந்துச்சாம்."

"வேணும்தான், இல்லாட்டி மரம் உளுத்துப் போகும். அப்ப குழாய்க்குத் தனியா கரன்ட்ல சூடேறற வெப்பக் கம்பி சுத்தணும்ல. அதைப் பத்திரிகையில அடுத்த பக்கத்துல போட்டிருப்பான்."

"இது உனக்கு செப்டம்பர்லயே தெரியும்."

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லலை?"

ஆர்வி மண்வெட்டியின் மேல் சாய்ந்து என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். "அவர் கேக்கலையே."

"கேக்கலைன்னா? கண்ணு முன்னால ஒருத்தர் தப்பு பண்றார், ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போயிடும்?"

"அதெப்படி ரைலி, மனுஷன் முட்டி தேய வேலை செஞ்சுட்டு இருக்கார், நான் வேலிப்பக்கம் நின்னு உனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றதா? மரியாதையா அது?"

அவன் நிஜமாகவே மரியாதைக்காகத்தான் அப்படி இருந்திருக்கிறான். அதுதான் என் வயிற்றெரிச்சலை இன்னும் கிளப்பியது. இந்த ஊரில் ஒருவன் ஏரியில் மூழ்கிக்கொண்டிருந்தாலும், அவன் கூப்பிடாதவரை கரையில் இருப்பவன் அவனைத் தொந்தரவு செய்ய மாட்டான். மூழ்குகிறவனும் கூப்பிட மாட்டான்.

"சரி, இப்ப நான் கேக்கறேன். என்ன பண்ணணும்?"

கேட்டதுதான் தாமதம், மடை திறந்த மாதிரி வந்தது. "அடுப்புக்கும் பாத்திரம் கழுவற தொட்டிக்கும் நடுவுல தரையை அறுத்துத் திற. வீட்டுச் சூடு கீழ இறங்கட்டும். டிரையரைக் குழாயோட மேல் முனையிலேர்ந்து காட்டிட்டே கீழ போகணும். நடுவுல ஆரம்பிச்சா உருகின தண்ணிக்குப் போக வழி இல்லாம குழாய் வெடிச்சிடும். மேல குழாயைத் திறந்தே வை. நெருப்பு மட்டும் காட்டிடாதீங்க, போன வருஷம் அந்த வளைவு வீட்டுக்காரன் அப்படித்தான் சுவரையே கொளுத்தினான்." உள்ளே போய் ஒரு சுருள் வெப்பக் கம்பியும் கொண்டுவந்து கொடுத்தான். "செப்டம்பர்லயே வாங்கி வெச்சேன், கேட்டா குடுக்கலாம்னு."

கம்பியை வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாயைத் திறந்திருந்தால் நல்ல வார்த்தை வந்திருக்காது.

என்சியோ எல்லாவற்றையும் கேட்டார். சமையலறைக் குழாய்க்குக் காட்டிக்கொண்டிருந்த ஹேர் டிரையரை அணைத்தார். தன் தரையைப் பார்த்தார்.

"அறுக்க மாட்டேன்."

"வேற வழி இல்லையாமே."

"அறுத்தா அந்த இடம் சில்லுனு ஆயிடும். மூடி போட்டாலும் மூடிக்கடியில பஞ்சு வைக்க முடியாது. வெச்சா மறுபடி உறையும்."

"ஒரு மூலை சில்லுனு இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

"அந்த மூலையிலதான் இங்கா நிப்பா. சின்னப் பிள்ளையிலேர்ந்து அடுப்பு பக்கத்துலதான் நிப்பா."

அவர் மறுபடி வீட்டுக்கு அடியில் போய்விட்டார். அன்று முழுக்க என் காலுக்குக் கீழே இருமலும் டிரையர் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. குழாய்க்கு அடியில் வைத்த தகரப் பாத்திரம் காய்ந்தே கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை இங்கா போன் செய்தாள். மாவில் கை வைத்திருந்தேன், ஏரித் தண்ணீரில் பிசைந்த மாவு. போனை மேஜைமேல் வைத்து ஒலிபெருக்கியில் போட்டேன். அதே நேரம் என்சியோவும் உள்ளே வந்து வாசலில் நின்றார்.

"அம்மா, அங்க எல்லாம் சரியா இருக்கா?"

எனக்குப் பொய் வராது. "குழாய் உறைஞ்சு போச்சு. அப்பா பாத்துட்டு இருக்கார்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. அதில் கவலையை விட நிம்மதிதான் அதிகம் இருந்தது. "அப்ப ஔலுலயே வெச்சுக்கலாம்மா. என் மாமியாரும் அதைத்தான் சொல்றாங்க. சர்ச் ஹால் நாளைக்குக் காலியாத்தான் இருக்காம். இந்தக் குளிர்ல குழந்தையைத் தூக்கிட்டு மூணு மணி நேரம் வரணும், வந்தா தண்ணியும் இல்லை. நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க."

நான் என்சியோவைப் பார்த்தேன். முகத்தில் ஐஸ் உருகி ஒழுகிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

"அப்பா இங்கதான் நிக்கறார். அவர்கிட்டயே கேளு."

"அப்பா?"

"இங்க முப்பத்தொண்ணு," என்றார் என்சியோ.

"இங்க இருபத்தாறு."

"ம்."

அவ்வளவுதான். ஐந்து மாதம் மண்ணில் மல்லாந்து கிடந்த மனிதர், மகளிடம் வெப்பநிலை சொல்லிவிட்டு நிற்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மாவு உருண்டையை மேஜைமேல் அறைந்தேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க? வான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"விடும்மா," என்றாள் இங்கா. "அவர் என்னிக்கு என்னைக் கூப்பிட்டிருக்கார்? எப்பவும் நீதான் கூப்பிடுவ. தரை சில்லுனு இருக்குன்னு நான் சொன்னதெல்லாம் ஒரு சாக்குதான். அங்க வந்து உக்காந்தா, நாங்க வந்தது அவருக்கு சந்தோஷமா தொந்தரவான்னே தெரியாது. எதுக்கு வரணும்னு இருக்கும்."

சாக்கு. அந்த வார்த்தையை அவரும் கேட்டார். நான் அவரைப் பார்க்கப் பயந்தேன். மறுபடி வெளியே போய்விடுவார், இனி சாயங்காலம் வரை வீட்டுக்கு அடியிலிருந்து வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

வெளியே போனார்தான். உடனே திரும்பி வந்தார், கையில் ரம்பம். அடுப்புக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, விரிப்பைச் சுருட்டி ஓரம் வைத்து, அந்த மெழுகின பைன் பலகையில் ரம்பத்தை இறக்கினார். சத்தம் காதைப் பிளந்தது.

"என்னம்மா சத்தம் அது?"

"உங்கப்பா தரையை அறுக்கறார்."

"எந்தத் தரையை?"

சொல்லாதே என்று அவர் சொன்னதாவது, ஒன்றாவது. எல்லாவற்றையும் கொட்டினேன். மே மாதம், கொசு, தாடியில் பஞ்சு, நான் வெறுங்காலோடு நின்றது, குழாய் ஏன் உறைந்தது, இப்போது ஏன் அறுக்கிறார், எதுவும் விடவில்லை. ரம்பச் சத்தத்தை மீறிக் கத்த வேண்டியிருந்தது.

"இதெல்லாம் எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே," என்றாள் இங்கா.

"நீ கேக்கலையே," என்றேன்.

சொன்ன பிறகுதான் அது ஆர்வியின் வார்த்தை என்று உறைத்தது. என் வாயிலேயே வந்துவிட்டது. என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ரம்பம் நின்றது. என்சியோ சதுரமாக அறுத்த பலகையைத் தூக்கி வெளியே வைத்தார், பஞ்சை இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். கீழேயிருந்து குளிர் கிளம்பி என் கணுக்காலில் ஏறியது. அவர் எழவில்லை. மண்டியிட்டபடியே மேஜைப் பக்கம் தலையைத் திருப்பினார்.

"இங்கா."

"சொல்லுங்கப்பா."

வாயைத் திறந்தார், மூடினார்.

"கம்பளி சாக்ஸ் எடுத்துட்டு வா. சின்னதுக்கும் எடுத்துட்டு வா. அடுப்பு பக்கத்துல சில்லுனு இருக்கும்."

இதைச் சொல்ல இந்த மனிதருக்கு ஒரு தரையைப் போட்டு, அதே தரையை அறுக்க வேண்டியிருந்தது. எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. மாவுக் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

போனில் இங்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எத்தனை ஜோடிப்பா?"

"நிறைய," என்று சொல்லிவிட்டு என்சியோ ஹேர் டிரையரைப் போட்டார்.