முந்தைய முகவரி

ஆஸ்பத்திரியின் மூன்றாம் கவுன்டரில் உட்கார்ந்து பதிவு போடுகிறவளுக்கு ஊரார் வைத்த பெயர் டோக்கன் அக்கா. அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் எதிரே இருந்த கம்ப்யூட்டர்மேல்தான்.

முன்பெல்லாம் பெயர், வயது, என்ன உபாதை என்று ஒரு சீட்டில் கிறுக்கிக் கொடுத்தால் வேலை முடிந்தது. புதிதாக வந்த மென்பொருளுக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும். வட்டம், வார்டு, தெரு, கதவு எண், பிறகு செல்போன் எண். அந்த போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். அதைச் சொன்னால்தான் அடுத்த பக்கம் திறக்கும். ஓர் ஆளுக்குத் தொண்ணூறு விநாடி. தாண்டினால் திரையின் மூலையில் ஒரு கடிகாரம் சிவப்பாகத் துடிக்கும். யார் கவுன்டரில் எத்தனை சிவப்பு என்று மாதக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவனிடம் "உங்க வார்டு எண் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். தன் வார்டு எண் தெரிந்த மனிதனை அவள் இன்னும் பார்த்ததில்லை.

இதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஒரே குடும்பத்தில் நாலு பேர் வந்தால் நாலு தடவை அடிக்க வேண்டாமே என்று 'முந்தைய முகவரி' என்றொரு பொத்தான் வைத்திருந்தார்கள். அழுத்தினால் முன்னால் வந்தவருடைய முகவரி அப்படியே வந்து உட்காரும். காலை எட்டிலிருந்து பதினொன்று வரை, கூட்டம் கழுத்தை நெரிக்கிற நேரத்தில், எல்லோருக்கும் அவள் அதைத்தான் அழுத்தினாள். முகவரியை யார் பார்க்கப் போகிறார்கள், கடிதமா போடப் போகிறார்கள்? செல்போன் எண்ணில் மட்டும் ஏமாற்ற முடியாது, அதைச் சரியாகவே போட்டாள். இரண்டு மாதமாகச் சிவப்பே இல்லாத கவுன்டர் அவளுடையதுதான். அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

தினமும் முதல் ஆளாக அவளிடம் வருகிறவர் பழச்சாறு கடைக்காரர். காலில் ஆறாத சர்க்கரைப் புண். கட்டு மாற்றிக்கொண்டு போய்த்தான் கடை திறப்பார். வியாழக்கிழமையும் முதல் ஆளாகத்தான் வந்தார். ஆனால் சீட்டை நீட்டவில்லை.

"டோக்கன் அக்கா, எங்க வீட்டுல நாப்பத்தோரு பேருக்கு வயித்துப்போக்காம். உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன சொல்றீங்க?"

"வீட்டுல இருக்கறதே நானும் என் சம்சாரமும்தான். ரெண்டு பேருக்கும் வயிறு நல்லா இருக்கு. நேத்து சுகாதாரத் துறை ஆளுங்க வந்து மத்தவங்கல்லாம் எங்கன்னு கேக்கறாங்க. ஒருத்தர் கட்டிலுக்கு அடியிலகூடக் குனிஞ்சு பாத்தாரு."

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"கடைக்கு சீல் வச்சுட்டாங்க அக்கா. ஜூஸாலதான் பரவுதுன்னு சந்தேகமாம். தெருவே என்னை ஒரு மாதிரி பாக்குது."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதலில் வருகிறவர் இவர். இவருக்கு அடுத்து வந்தவர்களுக்கெல்லாம் முந்தைய முகவரி என்றால், அது இவர் வீடுதான். டாக்டர்கள் எழுதுகிற நோயின் பெயர் அந்த முகவரியோடு சேர்ந்து இரண்டாம் மாடியில் இருக்கும் கண்காணிப்பு அறைக்குப் போகும். ஒரே இடத்தில் ஒரே நோய் பத்துப் பேருக்கு என்றால் அங்கே வரைபடத்தில் சிவப்புப் புள்ளி விழும். அவளுடைய புண்ணியத்தில் இந்த மனிதரின் தலையில் விழுந்திருக்கிறது.

அவரைக் கட்டுப் போடும் அறைக்கு அனுப்பிவிட்டு வராந்தாவுக்கு வந்து புருஷனுக்கு போன் போட்டாள். லாரி ஓட்டி முதுகு போய் வீட்டோடு இருக்கிறவன். முழுதும் கேட்டான்.

"கம்ப்யூட்டர் தப்புன்னுதானே நினைப்பாங்க? அப்படியே நினைக்கட்டும். இந்த மாசம்தான் உனக்கு மறுபடி கையெழுத்துப் போடணும். வாயைக் குடுத்து மாட்டிக்காத."

அவன் சொன்னதும் நியாயம்தான். அவளுடையது வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்தி. கம்ப்யூட்டருக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டா, அதன்மேல் பழியைப் போட்டால் யார் அழப்போகிறார்கள்?

அப்படி நினைத்துக்கொண்டு திரும்பினால், கண்காணிப்பு அறையின் இளம் டாக்டரம்மா மாடிப்படியில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். "நேத்துக் கணக்குல இன்னும் பதினொண்ணு சேர்ந்திருக்கு. அந்தத் தெருவை வீடு வீடா சல்லடை போட்டுச் சலிச்சாச்சு. தண்ணியும் சுத்தமா இருக்கு. நோயாளின்னு ஒருத்தர்கூட இல்ல. என்ன பண்றதுன்னே தெரியல."

நோயாளியே இல்லாத தெருவில் நோயைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நோய் இருக்கிற தெருவில் இந்நேரம் யாரோ குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதற்குமேல் அவளால் சும்மா நிற்க முடியவில்லை.

"டாக்டர், அது கம்ப்யூட்டர் தப்பு இல்ல. நான் பண்ணினது."

ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். டாக்டரம்மா திட்டவில்லை, போனை வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"போன் நம்பராவது சரியா?"

"அது சரியா இருக்கும். அதுல ஏமாத்த வழியில்ல டாக்டர்."

"உங்களைப் பத்தி நான் மேல எழுதித்தான் ஆகணும். தெரியும்ல?"

"எழுதுங்க."

"கடை சீலை எடுக்கச் சொல்றேன். நீங்க மேல வந்து உக்காருங்க. ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு வீடு எங்கன்னு கேளுங்க."

நேற்று வந்தவர்களையும் சேர்த்து ஐம்பத்திரண்டு எண்கள். அவள் காதில் வைத்த போனை இறக்கவில்லை. சிலர் கடன் வசூல் என்று நினைத்துத் துண்டித்தார்கள். ஒருவர் வார்டு எண்ணைக் கேட்டதும் "நீங்கதாம்மா ஆபீஸ்ல இருக்கீங்க, நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றார். அவள் தெருவை மட்டும் கேட்டாள், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். டாக்டரம்மா சுவரில் ஒரு காகித வரைபடத்தை ஒட்டிப் பேனாவால் புள்ளி வைத்தாள். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டுவதற்குள் முப்பத்தாறு புள்ளிகள் பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மொய்த்துவிட்டன. மூன்று மணிக்குத் தொட்டியை மூடினார்கள். அடியில் குழாய் உடைந்து சாக்கடை உள்ளே போய்க்கொண்டிருந்ததாம்.

ஒரே ஓர் எண்ணை மட்டும் அதுவரை யாரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை வந்த பெண் குழந்தை, வயது ஒன்பது. நாலரை மணிக்குத்தான் ஓர் ஆண் எடுத்தார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேன். உங்க வீடு எங்க இருக்குன்னு தெரியணும்."

"நான் உங்க ஆஸ்பத்திரியிலதாம்மா இருக்கேன். மூணாவது மாடி, குழந்தைங்க வார்டு."

அவள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு படியேறினாள். பெண் குழந்தை பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டது. இப்போது கட்டிலில் கிடந்தது அதன் தம்பி. நாலு வயது இருக்கும். கண் குழிந்து, உதடு வெடித்து, கையில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அப்பா, கொத்தனார் வேலைக்குப் போட்ட சட்டையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இதுக்காக மாடி ஏறி வந்தீங்களா? புண்ணியமாப் போகும்மா. உக்காருங்க, சொல்றேன்" என்றார்.

அந்த வார்த்தையை அவளால் தாங்க முடியவில்லை.

"இவனுக்கு எப்பண்ணே ஆரம்பிச்சது?"

"நேத்து சாயங்காலம்."

திங்கட்கிழமைக்கும் புதன் சாயங்காலத்துக்கும் நடுவில் இரண்டு முழு நாள். கணக்குப் போட வேறு யாரும் வேண்டியிருக்கவில்லை.

"பொண்ணைக் கூட்டிட்டு வந்தப்ப உங்களுக்குச் சீட்டுப் போட்டது நான்தான். அன்னிக்கு உங்க வீடு எங்கன்னு நான் கேக்கல. வேற யாரோட முகவரியையோ போட்டுட்டேன். கேட்டிருந்தா தொட்டியை முன்னாடியே மூடியிருப்பாங்க."

அவர் அவளைப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் அவளுக்கு லேசாகப் போயிருக்கும். அவர் பையனின் போர்வையை இழுத்துக் காலை மூடினார். பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை தண்ணீர் கேட்டு அழுதுகொண்டிருந்தது.

"எழுதுங்க" என்றார் கடைசியில். "எங்க தெருவுல ரெண்டாம் நம்பர் வீடு, வயசான அம்மா ஒருத்தங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வர ஆள் இல்ல. ஆறாம் நம்பர்ல மாசமா இருக்கற பொண்ணு, நேத்துலேர்ந்து வாந்தி. ஒம்பதுல ரெண்டு பசங்க, மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்துட்டு இருக்காங்க."

இவர்கள் யாரும் எந்தக் கவுன்டருக்கும் வந்ததில்லை. எந்த வரைபடத்திலும் இவர்களுக்குப் புள்ளி இல்லை. அவள் ஒன்று விடாமல் எழுதினாள். டாக்டரம்மாவுக்கு போன் போட்டு வண்டியைத் தயாராக வைக்கச் சொல்லிவிட்டு, தெருவுக்கு எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று அவரிடம் கேட்டாள். அதையும் சொன்னார்.

நோட்டை மூடிக்கொண்டு எழுந்தாள்.

"இன்னும் முடியல" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "பதினெட்டாம் நம்பர் எங்க வீடு. அதையும் எழுதுங்க."

நின்றபடியே நோட்டைத் திறந்து எழுதினாள்.