கோல் கம்பத்துக்குப் பின்னால்

கப்பலூர் தொழிற்பேட்டையில் இருந்த ஒரு ரப்பர் கம்பெனி, தொண்ணூறுகளில் சம்பளம் கொடுத்து ஒரு கால்பந்து அணி வைத்திருந்தது. பெரிய அணி சென்னைக்கும் கோவைக்கும் போய் லீக் ஆடும். அதற்கு ஆள் தயார்செய்ய, இருபது வயதைத் தாண்டாத பையன்களைக் கொண்டு இன்னொரு அணி. எல்லோரும் அதை 'பி டீம்' என்றார்கள். மைதானத்தை ஒட்டிய விடுதியில்தான் அவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும்.

பி டீமில் கோல்கீப்பர்கள் இரண்டு பேர். செல்லூரில் தறி ஓட்டும் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பையன் கிரிதரன். செக்கானூரணிப் பக்கமிருந்து வந்த முத்திருளன். இருவருக்கும் ஒரே அறை. பயிற்சியில் ஒருவன் கோலில் நிற்க, மற்றவன் வலைக்குப் பின்னால் நின்று பந்து வரும் பக்கத்தைக் கத்திச் சொல்வான். முத்திருளன் சொன்னால் தப்பாது. தன்னைவிட அவன் கெட்டிக்காரன் என்பது கிரிதரனுக்குத் தெரியும்.

1998 ஆகஸ்டில் பெரிய அணியின் கீப்பர் விலகினார். ஞாயிற்றுக்கிழமை பெரிய அணியோடு பி டீம் ஆடும், ஆளுக்குப் பாதி ஆட்டம் கோலில் நிற்கவைத்துப் பார்த்து இருவரில் ஒருவனை எடுப்பேன் என்று கோச் அசோக்குமார் சொன்னார். அந்தப் புதன்கிழமை பயிற்சியில், பாய்ந்து விழுந்த முத்திருளனின் தலை கம்பத்தில் மோதியது. எழுந்து சிரித்தான். சாயங்காலம் வாந்தி எடுத்தான். மறுநாள் காலையில் டீ டம்ளரை எடுக்கப் போய், பக்கத்தில் வெறும் மேசையைத் தொட்டான்.

"எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது மாப்ள. ஞாயித்துக்கெழம முடியட்டும். கோச்சுகிட்ட வாயத் தொறந்துறாத."

கிரிதரன் சரி என்றான். கூட்டாளி கேட்டதற்காக மட்டும் சொன்ன சரி அல்ல அது. இரண்டு பந்து தெரிகிறவன் எப்படிப் பிடிப்பான் என்றும் அவன் மனதில் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை முத்திருளன் எல்லாவற்றையும் பிடித்தான். அரை மணி நேரம் ஆனபோது, ஒரு கார்னர் பந்தை எம்பி எடுத்து இறங்கியவன் அப்படியே உட்கார்ந்தான். பிறகு, தூக்கம் வந்தவனைப் போல ஒருக்களித்துப் படுத்தான். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. தலைக்குள் ஏற்கெனவே ரத்தம் கசிந்திருக்கிறது, முன்னால் அடி பட்டதா என்று டாக்டர் கேட்டாராம். கோச் வந்து பையன்களிடம் கேட்டார். கம்பத்தில் மோதியதைப் பார்த்தவர்கள் அதைச் சொன்னார்கள். அதற்கப்புறம் ஏதாவது முடியாமல் இருந்தானா என்று கிரிதரனைத் தனியாகக் கேட்டார். நன்றாகத்தான் இருந்தான் என்றான் கிரிதரன்.

அடுத்த மாதம் கிரிதரன் பெரிய அணிக்குப் போனான். முதல் ஆட்டத்திலேயே எதிரணிக்கு ஒரு பெனால்டி. அடிக்கிறவன் ஓடி வரும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எடது, மாப்ள."

இடப்பக்கம் பாய்ந்தான். பந்து கைக்கு வந்தது. திரும்பிப் பார்த்தான். வலைக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவர் மட்டும் இருந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்தக் குரல் வந்தது. ஒருமுறைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. பந்து கிளம்புவதற்கு முன்பே இவன் கிளம்பிவிடுகிறான் என்று கோச் எல்லோரிடமும் பெருமைப்பட்டார். கிரிதரன் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தான். குரல் உள்ளேதான் கேட்டது. ஒரு நாள் இடது என்று கேட்டதும் வேண்டுமென்றே வலப்பக்கம் விழுந்தான். பந்து இடப்பக்கம் கோலுக்குள் போனது. அந்த ஒரு நாள்தான் அவனுக்குச் சோறு இறங்கியது.

தை மாதம் அவன் செக்கானூரணிக்குப் பஸ் ஏறினான். முத்திருளனின் அம்மா ஒச்சாயி வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கிரிதரன் கீழே உட்கார்ந்து, வாந்தி எடுத்ததிலிருந்து கோச்சிடம் மறைத்தது வரை சொன்னான். பெனால்டியையும் குரலையும் சொன்னான். ஒச்சாயியின் கை நிற்கவே இல்லை. எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் பேசினார்.

"வெள்ளிக்கெழம கடைக்குப் போன் பண்ணுனான்யா. எங்கிட்டயும் சொன்னான், ரெண்டாத் தெரியுதுன்னு. யார்கிட்டயும் சொல்லாதம்மா, சொன்னா டீம்ல எடுக்க மாட்டாகன்னு கெஞ்சுனான். நானும் பேசாம இருந்துட்டேன்."

ஒச்சாயி கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார்.

"ஒங்கிட்ட பேசுறானா?" என்று கேட்டார். "எனக்கு ஒண்ணுமே கேக்கலயே."

அடுத்த ஆட்டம் எப்போது, எங்கே என்று விசாரித்துக்கொண்டார். அந்த ஞாயிறு, எண்ணெய் வைத்து வாரிய தலையோடு வந்து வலைக்குப் பின்னால் நின்றார். அன்றைக்குக் குரல் வரவில்லை. மூன்று கோல் விழுந்தது. ஆட்டம் முடிந்ததும் அவன் என்ன சொன்னான் என்று கேட்டார். பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான் கிரிதரன்.

"இன்னைக்கு ஒண்ணும் சொல்லலம்மா."

"அப்ப என்னையப் பாத்துட்டான்," என்றார் ஒச்சாயி.

குரல் அதன் பிறகு வரவே இல்லை. ஆனால் ஒச்சாயி வந்தார். கப்பலூரில் நடந்த எந்த ஆட்டத்தையும் அவர் விடவில்லை. யாரிடமும் பேசமாட்டார். முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சு விடுவதுகூடக் கிரிதரனுக்குக் கேட்பதுபோல் இருக்கும். வராதீர்கள் என்று சொல்ல அவனால் முடியவில்லை. கைக்கு வந்த பந்துகள் நழுவின. அவனை மறுபடி பி டீமுக்கு அனுப்பினார்கள். இரண்டாயிரத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறி, தல்லாகுளத்தில் ஒரு வக்கீலிடம் டைப் அடிக்கும் வேலையில் சேர்ந்தான்.

நான்கு வருஷம் கழித்து, பஸ் ஸ்டாப்பில் அசோக்குமாரைப் பார்த்தான். அந்தம்மா இன்னும் வருகிறார், யார் கோலில் நின்றாலும் பின்னால் போய் நிற்கிறார், பையன்கள் பயப்படுகிறார்கள் என்றார் அவர். கிரிதரன் அங்கேயே எல்லாவற்றையும் சொன்னான். அசோக்குமாருடைய பஸ் வந்து நின்று, போய்விட்டது. அவர் ஏறவில்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லடா," என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிரிதரன் கப்பலூருக்குப் போனான். கோலில் அவனுக்குத் தெரியாத ஒரு பையன் நின்றிருந்தான். கிரிதரன் சுற்றிக்கொண்டு போய் ஒச்சாயியின் பக்கத்தில் நின்றான். அவர் திரும்பிப் பார்க்காமல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"ஏதும் கேக்குதாய்யா?" என்றார்.

"இல்லம்மா."

விசில் ஊதி ஆட்டம் தொடங்கியது. இருவரும் அந்தப் பையனின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.